மாணவரை மகாநாட்டுக்கு அனுப்பும் செலவு தகுமா?

குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் விவசாயக் கல்லூரிகளிற் சேர்ந்து படிப்பது இக்காலத்தில் அருமையான செய்தியன்று. கல்லூரிச் சம்பளம், விடுதிச் செலவு, புத்தகம், துணிமணி ஆகியவற்றுக்கு என்ன பிடிக்கும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே விசாரித்து, நெல்லோ கரும்போ விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கின்றனர். ஆனால் பிள்ளை மூன்றாம் நான்காம் ஆண்டுகளை எட்டும்போதும், அதற்கு மேற்பட்ட முதுநிலைப் படிப்பிற் சேரும்போதும், முன் கண்டிராத ஒரு பற்று அக்கணக்கில் வந்து நுழைகிறது. ஹைதராபாத்திலோ புனேயிலோ டில்லியிலோ ஒரு விஞ்ஞான மகாநாடு கூடப்போகிறதென்றும், அதற்குப் போய்வரப் பன்னிரண்டாயிரம் ரூபாய் வேண்டுமென்றும், இன்ன தேதிக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடுமென்றும் பிள்ளையிடமிருந்து செய்தி வருகிறது.

இச்செய்தி கிடைத்ததும் தகப்பன்மார் இரு வகையாக நடந்துகொள்வதைக் காணலாம். ஒரு சாரார், 'படிப்பு விஷயம்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்துப் பணத்தை அனுப்பிவிடுகின்றனர். மற்றொரு சாரார், 'ஊர் சுற்றப் பணமில்லை' என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிடுகின்றனர். இவ்விரு சாராரும் செய்யும் பிழை ஒன்றே. ஒரு ஜோடி உழவு மாடு வாங்கப் புறப்படுபவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், விற்பவன் இன்னானென்று நாலு பேரிடம் விசாரிக்கிறார். மகாநாட்டுக்குப் பணம் கொடுப்பவரோ, கொடுக்க மறுப்பவரோ, அது எத்தகைய சரக்கு என்று விசாரிப்பதில்லை. அந்த விசாரணைக்கு வேண்டிய சில விஷயங்கள் இங்கே எடுத்துரைக்கப்படுகின்றன.

மகாநாடு என்பது யாது?

ஒரு சாஸ்திரத்தில் உழைப்பவர்கள், தாம் கண்டவற்றை ஒருவர்க்கொருவர் அறிவித்துக்கொள்ளும் பொருட்டு இரண்டு மூன்று நாள் ஓரிடத்திற் கூடுவதே மகாநாடு. மண்ணைப் பற்றி ஆராய்பவர் தம் கட்டுரையைப் பத்து நிமிஷத்தில் வாசிக்கிறார். கேட்டிருப்போர் வினா எழுப்புகின்றனர். மேடையில் வாசிக்க நேரம் கிடைக்காதவர்கள், முக்கியமாக மாணவர்கள், தம் பரிசோதனையின் முடிவுகளை ஒரு பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, அதன் அருகில் நின்று, வருவோர் போவோர்க்கு விளக்கம் கூறுகின்றனர். இதற்குப் போஸ்டர் என்று பெயர்.

இந்த ஏற்பாடு இத்தேசத்துக்குப் புதியதன்று. சென்னை ராஜதானிக் கல்லூரியில் ரசாயன ஆசிரியராயிருந்த சைமன்சன் என்பவரும், லக்னோவில் அதே சாஸ்திரம் கற்பித்த மக்மகான் என்பவரும் முயன்றதன் பயனாக, இந்திய விஞ்ஞான காங்கிரஸின் முதற் கூட்டம் 1914 ஜனவரியில் கல்கத்தாவில் நடைபெற்றது. வந்திருந்த விஞ்ஞானிகள் 105 பேர். வாசிக்கப்பட்ட கட்டுரைகள் 35. இரண்டாம் கூட்டம் மறு ஆண்டே சென்னையிற் கூடிற்று. அதற்கும் முன்னதாகவே, 1911-ல், கோயமுத்தூர் விவசாயக் கல்லூரி மாணவர்கள் தமக்கென்று ஒரு சங்கத்தை நிறுவிக்கொண்டனர். கல்லூரி நாளையொட்டி அச்சங்கத்தின் சார்பில் மகாநாடு கூட்டிக் கட்டுரைகள் வாசிக்கும் வழக்கமும், அக்கட்டுரைகளைச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிடும் வழக்கமும் ஏற்பட்டன. ஆகவே, விவசாயம் கற்கும் மாணவன் மகாநாட்டில் நின்று பேச விரும்புவது ஆடம்பரமன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு நல்ல வழக்கத்தின் தொடர்ச்சியே. கேள்வி அதுவன்று. இன்று இந்த மாணவன், இந்த மகாநாட்டுக்கு, இந்தப் பணத்தில் போவது தகுமா என்பதே கேள்வி.

செலவின் உண்மையான அளவு

முதலில் செலவைச் சரியாகக் கணக்கிடுதல் வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் பதிவுக் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். மற்றவை பின்னால் ஒவ்வொன்றாக வரும். உதாரணமாக, மன்னார்குடிப் பக்கத்து மாணவர் ஒருவர் ஹைதராபாத்தில் மூன்று நாள் நடக்கும் மகாநாட்டுக்குச் செல்வதாகக் கொள்ளலாம். பதிவுக் கட்டணம் ரூ. 3,500; ரயில், பஸ் போகவர ரூ. 2,000, மூன்று இரவு தங்க ரூ. 3,000, சாப்பாடும் ஊருக்குள் போய்வரும் செலவும் ரூ. 2,000, போஸ்டர் அச்சிடவும் சில்லறைக்கும் ரூ. 1,500. ஆக மொத்தம் ரூ. 12,000.

இத்தொகையை நெல்லாக மாற்றிப் பார்த்தால் அதன் கனம் விளங்கும். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்கார் விதித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவின்டாலுக்கு ரூ. 2,369. மாநில சர்க்காரின் ஊக்கத்தொகையை நீக்கிப் பார்த்தால், 40 கிலோச் சிப்பம் ஒன்றுக்கு ரூ. 947 ஆகிறது. எனவே ரூ. 12,000 என்பது கொள்முதல் நிலையத்தில் ஏறக்குறைய 13 சிப்பம் போட்டு வாங்கும் பணம். ஆயினும் அதுவும் முழு உண்மையன்று. உழவு, நாற்று, நடவு, உரம், களை, அறுவடை எல்லாம் போக, விலையில் மூன்றில் ஒரு பங்கே கையில் நிற்பதாகக் கொண்டால், அப்பணத்தை மிச்சம் பிடிக்க 38 சிப்பம் விளைவித்தாக வேண்டும். நன்றாய் விளைந்த ஒரு ஏக்கரின் மகசூலில் அது பாதிக்கு மேல் ஆகும். நகையை வைத்து வாங்கினால் வட்டி வேறு. பிள்ளைக்கு இந்தக் கணக்கைத் தகப்பனார் ஒரு முறை எழுதிக் காட்டுவது நல்லது. கணக்கறிந்த பிள்ளை அங்கே மூன்று நாளையும் வீணாக்கமாட்டான்.

வரவு எங்கிருந்து வருகிறது?

செலவு கண்ணுக்குத் தெரிகிறது, வரவு தெரிவதில்லை. அதனால் வரவே இல்லையென்று கூறுவது தவறு. இல்லாத வரவை உண்டென்று சொல்வதும் தவறு.

மகாநாட்டுச் சான்றிதழ் உத்தியோகம் வாங்கித் தரும் என்று சிலர் நம்புகின்றனர். சர்க்கார் பணிக்குத் தேர்வாணையம் நடத்தும் எழுத்துத் தேர்விலாயினும், முதுநிலைப் படிப்புக்கான அகில இந்திய நுழைவுத் தேர்விலாயினும், வினாத்தாளுக்கு விடை எழுதித்தான் மதிப்பெண் பெற வேண்டும். சான்றிதழ்க் கட்டு அங்கே உதவாது. ஆகையால் சான்றிதழுக்காக மட்டும் செய்யப்படும் பயணம் நஷ்டக் கணக்கே.

கட்டுரைகளைக் கேட்டு அறிவு பெறலாம் என்பது மற்றொரு காரணம். இது முன்காலத்தில் வலுவுள்ள காரணமாயிருந்தது. 2020-ம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பிறகு, பல பிரசங்கங்களை இணையவழியாக வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்க முடிகிறது. கேட்பதற்காக மட்டும் ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

அப்படியானால் எஞ்சுவது என்ன? மனிதர்கள் எஞ்சுகின்றனர். மேடையில் நடப்பதைக் காட்டிலும், இடைவேளையில் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பதினைந்து நிமிஷத்தில் நடப்பதே பெரிது. புத்தகத்தில் பேர் மாத்திரம் கண்ட ஆராய்ச்சியாளர் அங்கே எதிரில் நிற்கிறார். அவரிடம் மாணவன் தன் வயற்கணக்கைக் காட்டி, 'இது ஏன் இப்படி வந்தது?' என்று கேட்கலாம். அவர் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டலாம். ஒரு புதிய வழியைச் சொல்லலாம். 'மேற்படிப்புக்கு எழுது' என்று முகவரி கொடுக்கலாம். இது இணையத்தில் கிடைக்காத சரக்கு.

இவ்வகைப் பழக்கத்தின் பலன் கடைசியில் வயலுக்கே வந்து சேர்கிறது. மரவள்ளிப் பயிரைத் தாக்கும் ஒரு புதிய மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்திற் காணப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் முதலிய ஜில்லாக்களில் பரவிற்று. அப்பூச்சியை ஆப்பிரிக்காவில் முன்னரே அடக்கிய ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி உண்டு. பெங்களூரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் அக்குளவியை ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் தேசத்திலிருந்து தருவித்துப் பெருக்க, 2022 மார்ச்சில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் அது மரவள்ளி விவசாயிகளின் உபயோகத்துக்காக வெளியிடப்பட்டது. எந்தத் தேசத்தில் எவரிடம் எந்தப் பூச்சி இருக்கிறதென்று அறிந்திருந்தவர்களால் ஆன காரியம் இது. யாரிடம் கேட்பது என்று தெரிந்திருப்பதும் கல்வியில் ஒரு பாகமே.

இங்கே குடியானவர்கள் கவனிக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. பட்டணத்தில் பேராசிரியர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இப்பழக்கம் வீட்டுக் கூடத்திலேயே கிடைத்துவிடுகிறது. எந்தக் கல்லூரியில் யார் நன்றாகக் கற்பிக்கிறார், எந்தத் துறையில் இனி வேலை உண்டாகும், எந்த உதவித்தொகைக்கு எப்போது எழுத வேண்டும் என்பதெல்லாம் சாப்பாட்டு வேளையில் அவன் காதில் விழுகின்றன. வாய்க்கால் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அவற்றைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. அவன் வெளியே போய்த்தான் கேட்க வேண்டும். எனவே ஒரே மகாநாடு பட்டணத்துப் பிள்ளைக்கு உபரியாகவும், கிராமத்துப் பிள்ளைக்கு அவசியமாகவும் இருக்கக்கூடும். பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கே அது அதிகப் பயன் தருவது என்பதுதான் இவ்விஷயத்திலுள்ள கஷ்டம். 'ஊர் சுற்றப் பணமில்லை' என்று அடியோடு மறுத்துவிடும் தகப்பனார், பிள்ளைக்குத் திறக்கக்கூடிய ஒரே கதவையும் அறியாமல் அடைத்துவிடுகிறார்.

சரக்கின்றிச் சந்தைக்குப் போகலாகாது

எனினும் கதவு திறந்திருப்பதாலேயே உள்ளே செல்வோர்க்கெல்லாம் பலன் கிட்டிவிடாது. விற்கச் சரக்கும் வாங்கப் பணமும் இல்லாமல் சந்தைக்குப் போகிறவன் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். மகாநாட்டில் மாணவனின் சரக்கு அவன் தானே செய்த பரிசோதனை. தன் கையால் எடுத்த அளவும், தன் கண்ணால் கண்ட வித்தியாசமும் உடையவனிடம் பெரியவர்கள் நின்று பேசுவார்கள். புத்தகங்களிலிருந்து எடுத்துத் தொகுத்த தாளை ஒட்டிவிட்டு நிற்பவனை ஒருவரும் நின்று கேட்கமாட்டார்கள்.

வேலை முந்த வேண்டும், மேடை பிந்த வேண்டும் என்பதற்குக் கோயமுத்தூரே சாட்சி. கரும்பு ஆராய்ச்சி நிலையம் அங்கே 1912-ல் ஏற்பட்டது. அங்கு பார்பர் துரையின் கீழ் உழைத்த டி. எஸ். வெங்கடராமன், நாட்டுக் காட்டுக்கரும்பையும் பெருங்கரும்பையும் இணைத்துப் புது ரகங்களை உண்டாக்கினார். அவற்றுள் முதன்மையான கோ. 205 என்பது 1918-ல் வெளிவந்து வடநாட்டில் பரவிற்று. அவர் இந்திய விஞ்ஞான காங்கிரஸுக்குத் தலைமை வகித்தது 1937-ல். இடையே பத்தொன்பது ஆண்டுகள். கரும்பு வயலிற் கண்டது மேடையைத் தேடிக் கொடுத்தது. மேடை கரும்பை விளைவிக்கவில்லை.

ஆதலின் முதலாம் இரண்டாம் ஆண்டு மாணவரை ஆயிரம் கிலோமீட்டர் தூரத்து மகாநாட்டுக்கு அனுப்புவது பெரும்பாலும் வீண். அவர்களுக்கு அதைக் காட்டிலும் மலிவாயும் பயனுள்ளதாயும் உள்ள வழிகள் இருக்கின்றன. ஆடுதுறையில் 1922 முதல் நடந்துவரும் நெல் ஆராய்ச்சி நிலையம், திருச்சியில் 1993-ல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி நிலையம், கோயமுத்தூர்க் கரும்பு நிலையம் ஆகியவற்றுக்கு முன்னதாக எழுதி அனுமதி பெற்று, ஒரு நாள் சென்று, அங்குள்ள வயல்களைக் காணலாம். இத்தேசத்தின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று பெரும்பாலான ஜில்லாக்களில் அத்தகைய நிலையங்கள் உள்ளன. ஒரு மகாநாட்டுச் செலவில் இப்படிப் பல நிலையங்களைக் கண்டுவிடலாம். தம் கல்லூரியிலேயே நடக்கும் கூட்டத்தில் ஒரு முறை எழுந்து நின்று பேசிப் பழகுவதும் முதற்படியே.

நான்காம் ஆண்டு மாணவரும் முதுநிலை மாணவரும் வேறு. நான்காம் ஆண்டில் மாணவர்கள் கிராமங்களில் தங்கிக் குடியானவர்களோடு வேலை செய்யும் பயிற்சி பாடத்திட்டத்திலேயே அமைந்திருக்கிறது. அப்போது எடுத்த குறிப்புகள் ஒழுங்காயிருந்தால், அவையே நல்ல போஸ்டருக்குப் போதும். முதுநிலை மாணவருக்குத் தம் ஆய்வே சரக்கு. அவர்கள் படிப்பை முடிக்குமுன் ஒரு நல்ல தேசிய மகாநாட்டுக்கு ஒரு முறை போய்வருவது தகும் என்றே சொல்ல வேண்டும். ஒரு முறை என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வருஷத்துக்கு மூன்று மகாநாடு போகிறவன் ஒன்றிலும் ஊன்றி நிற்பதில்லை. 'அகல உழுவதிலும் ஆழ உழு' என்ற பழமொழி இதற்கும் பொருந்தும்.

வெளிநாட்டு மகாநாடு என்றால், குடியானவர் தம் பெட்டியிலிருந்து ஒரு காசும் எடுக்கவேண்டியதில்லை என்பதே தெளிவான முடிவு. அத்தகைய பயணத்துக்கு மத்திய சர்க்காரின் விஞ்ஞான நிறுவனங்களும், மகாநாடு கூட்டுபவர்களும் உதவித்தொகை அளிப்பதுண்டு. மாணவரின் வேலை தகுதியுடையதாயின் அவ்வுதவி கிடைக்கலாம். கிடைக்காவிட்டால், அதற்காக நிலத்தின் பேரில் கடன் வாங்குவது அறிவுடைமையன்று.

போலிச் சரக்கு

விதையிலும் உரத்திலும் போலி உண்டு என்பதைக் குடியானவர் அறிவர். மகாநாட்டிலும் போலி உண்டு. மாணவரின் ஆசையையும் பெற்றோரின் பயத்தையும் நன்கறிந்த சிலர், விடுதி ஒன்றில் கூடத்தை வாடகைக்கு எடுத்து, 'சர்வதேச' என்ற அடைமொழியைத் தலைப்பில் வைத்து, பணம் வசூலித்து, சான்றிதழ் கொடுத்துவிடுகின்றனர். இது கட்டுக்கதையன்று. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பதிப்பு நிறுவனமும் அதைச் சேர்ந்த கம்பெனிகளும், வர இசையாத அறிஞர்களின் பெயர்களைப் பேச்சாளர்களாகப் போட்டு மகாநாடுகளை விளம்பரம் செய்தது முதலிய குற்றச்சாட்டுகளின் பேரில், அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் வழக்குத் தொடர்ந்தது. 2019 மார்ச்சில் அங்குள்ள நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. படித்த பேராசிரியர்களே ஏமாந்த இடத்தில், இருபது வயதுப் பிள்ளை ஏமாறுவது வியப்பன்று.

போலியைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் போதும்.

முதலாவது, அழைப்பு தானே தேடிவரும். மாணவரின் பெயரைக்கூடச் சரியாக எழுதாமல், 'புகழ்பெற்ற அறிஞரே' என்று விளித்திருக்கும்.

இரண்டாவது, பயிர், மருத்துவம், இயந்திரம், வாணிபம் எல்லாவற்றுக்கும் ஒரே கூட்டமாயிருக்கும். நெல்லும் துணியும் இரும்பும் ஒரே தராசில் நிறுப்பவன் எதையும் அறியாதவன்.

மூன்றாவது, கட்டுரை அனுப்பிய இரண்டு நாளில், ஒரு திருத்தமும் கேட்காமல் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரும். உடனே பணம் கேட்கும்.

நான்காவது, நேரில் வராவிட்டாலும் பணம் கட்டினால் சான்றிதழ் அனுப்பப்படும் என்றிருக்கும். வராதவனுக்குச் சான்று கொடுப்பது மகாநாடன்று, கடை.

இதற்கு மாறாக, நல்ல மகாநாட்டின் பின்னால் ஒரு பழைய சங்கமோ பல்கலைக்கழகமோ நிற்கும். இந்திய மண்ணியல் சங்கம் 1934-லும், விவசாயப் பொருளாதாரச் சங்கம் 1939-லும், பயிர் நோயியற் சங்கம் 1947-லும், உழவியற் சங்கம் 1955-லும் தோன்றியவை. இத்தகைய சங்கங்களின் பெயரைச் சொல்லி வரும் அழைப்பாயினும் அச்சங்கத்துக்கே எழுதி உறுதி செய்துகொள்வது தவறாகாது. பழைய அமைப்புகளும் இடறுவதுண்டு. மேலே கூறிய இந்திய விஞ்ஞான காங்கிரஸே 2023 ஜனவரியில் நாகபுரியில் 108-வது கூட்டத்தை நடத்தியபின், 2024 ஜனவரியில் நடத்தவேண்டிய கூட்டத்தை நடத்த இயலாமற் போயிற்று. ஆகவே கூட்டம் நிச்சயமாக நடக்கிறதா, நடக்காவிட்டால் கட்டணம் திரும்புமா என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தகப்பனார் கேட்க வேண்டிய கேள்விகள்

மேலே கூறியவற்றையெல்லாம் மனத்தில் வைக்க இயலாதவர்கள் நான்கு கேள்விகளை மட்டும் கேட்டால் போதும். கூட்டுபவர் யார், அவரை உன் ஆசிரியர் அறிவாரா? நீ அங்கே வாசிக்கவோ காட்டவோ போவது உன் சொந்த வேலைதானா? அங்கே வரும் எந்த மூவரைச் சந்தித்து என்ன கேட்கப் போகிறாய்? கல்லூரியிலும் மகாநாட்டாரிடமும் உதவி கேட்டு எழுதினாயா, என்ன பதில் வந்தது?

இந்நான்குக்கும் பிள்ளை தயங்காமல் விடை கூறினால் பணத்தை மனமுவந்து கொடுக்கலாம். மூன்றாம் கேள்விக்கு விடையில்லையென்றால், பிள்ளை இன்னும் ஆயத்தமாகவில்லை. மறு ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். நான்காம் கேள்விக்கு 'கேட்கவில்லை' என்பது விடையானால், முதலில் கேட்கச் சொல்ல வேண்டும். பதிவுக் கட்டணத்தில் மாணவர்க்குச் சலுகை வைப்பது நல்ல மகாநாடுகளின் வழக்கம். அதற்குக் கல்லூரி முதல்வரின் கடிதமே போதுமானதாயிருக்கும். பல்கலைக்கழக விருந்தினர் விடுதியிலோ மாணவர் விடுதியிலோ இடம் கேட்டு ஒரு மாதம் முன்னதாக எழுதினால், தங்கும் செலவிற் பெரும்பகுதி குறையும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. மகன் கேட்டால் யோசிக்கும் வீட்டிலும், மகள் கேட்டால் யோசனையின்றியே மறுப்பு வருகிறது. தூரமும் தங்குமிடமும் பற்றிய கவலை நியாயமானதே. அதற்கு மருந்து, உடன் படிக்கும் மாணவியரோடும் ஆசிரியையோடும் சேர்த்து அனுப்புவதும், தங்குமிடத்தை முன்னரே விசாரித்து வைப்பதும். அதனால் கொஞ்சம் செலவு கூடினாலும் அது கணக்கிற் சேர வேண்டிய செலவே. வயலில் ஒரே வேலை செய்த இருவரில் ஒருவர் அதை எடுத்துச் சொல்லப் போவதும், மற்றவர் வீட்டிலிருப்பதும் நீதியன்று. குடும்பத்துக்கு லாபமும் அன்று.

கிராம அதிகாரிகளின் பங்கு

இவ்விஷயத்தில் கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. உதவித்தொகைக்கு மனுச் செய்யும் மாணவரிடம் வருமானச் சான்றோ, குடும்பத்தில் முதற் பட்டதாரி என்ற சான்றோ கேட்கப்படலாம். மனு இணையவழியே போனாலும், கிராமத்திலிருந்து விசாரணைக் குறிப்புப் போனாலன்றித் தாசில்தாரின் கையெழுத்து விழாது. அங்கே மனு ஒரு வாரம் நின்றுவிட்டால், உதவித்தொகையின் கடைசித் தேதி கடந்துவிடும். சர்க்காரோ சங்கமோ கொடுக்கவிருந்த பணத்தைக் குடியானவரே கடன் வாங்கிக் கட்ட நேரிடும். மாணவர் மனுக்களைத் தேதி பார்த்து முந்தி அனுப்புவது அலுவலர்க்குச் சிறிய காரியம். அந்த வீட்டுக்கு அது 38 சிப்பம் நெல்.

திரும்பி வந்தபின்

மகாநாடு முடிந்து ரயில் ஏறியதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. விதைத்துவிட்டு நீர் பாய்ச்சாதவனுக்கு விளைவில்லை. திரும்பிய ஒரு வாரத்துக்குள், சந்தித்த மூவருக்கும் நன்றி தெரிவித்து, கேட்ட விவரத்தை நினைவூட்டி மாணவர் எழுத வேண்டும். கண்டது கேட்டது அனைத்தையும் இரண்டு பக்கத்தில் எழுதி ஆசிரியரிடம் ஒரு பிரதியும் வீட்டில் ஒரு பிரதியும் கொடுக்க வேண்டும். செலவுக் கணக்கை ரசீதுகளோடு தகப்பனாரிடம் ஒப்புவிக்க வேண்டும். பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டுவது அவமானமன்று.

இன்னும் ஒன்று. ஊரில் உழவர் கூட்டம் நடக்கும் நாளில், அரை மணி நேரம் அந்தப் பிள்ளையை எழுந்து பேசச் சொல்லலாம். வேறு ஜில்லாவில் வேறு மண்ணில் என்ன செய்கிறார்கள், எந்தப் பூச்சி வரக்கூடும், எந்த ரகம் பரிசோதனையில் இருக்கிறது என்பதைத் தம் ஊர்ப் பிள்ளை வாயால் கேட்க எவரும் மறுக்கமாட்டார்கள். ஹைதராபாத்தில் பேராசிரியர்கள் முன் பேசியதை, மன்னார்குடியில் குடியானவர்களுக்கு விளங்கும்படி சொல்ல முடியாவிட்டால், அதைப் பிள்ளையே இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது வெளிப்படும். அப்படிச் சொல்ல முடிந்துவிட்டால், ஒரு வீடு செலவழித்த பணத்துக்கு ஊர் முழுவதும் பலன் கிடைத்ததாகும்.

சுருங்கக் கூறின், மகாநாட்டுச் செலவு மாணவருக்குத் தகும். ஆனால் கடைசி ஆண்டுகளில், சொந்த வேலை கையிலிருக்கும்போது, ஆசிரியர் அறிந்த நல்ல மகாநாட்டுக்கு, பிறர் உதவியைக் கேட்டுப் பார்த்தபின், ஒரு முறை தகும். மற்றபடி போகும் பயணங்கள் பெரும்பாலும் நகையைச் சங்கத்திலும் பிள்ளையை ரயிலிலும் வைக்கும் பயணங்களே. கேட்டவுடன் கொடுப்பதையும் கேட்டவுடன் மறுப்பதையும் விடுத்து, மேற்கூறிய நான்கு கேள்விகளையும் கேட்டு முடிவு செய்யும் வழக்கத்தைக் குடியானவர்கள் கைக்கொள்வார்களாயின், பணமும் மிஞ்சும். பிள்ளையின் படிப்பும் பலன் தரும்.